நக்சோஸுக்குப் போகிறவர்களுக்கு: கப்பல் டிக்கெட் முதல் துணி துவைப்பது வரை

கிரீஸ் நாட்டுத் தீவான நக்சோஸில் எந்தக் கடற்கரை அழகு, எங்கே நின்றால் சூரியன் மறைவது நன்றாகத் தெரியும் என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது, பஸ் டிக்கெட்டை எங்கே வாங்குவது, காற்றடித்துக் கப்பல் நின்றுபோனால் திரும்பும் விமானத்தை என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இவற்றுக்கெல்லாம் நாங்கள் அங்கே போய் அலைந்துதான் விடை கண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தீவில் கடை, அலுவலக வேலைகள் காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நடுவில்தான் நடக்கும். போக்குவரத்தைக் காற்று முடிவு செய்யும். கீழே வரும் யோசனைகளில் பாதி இந்த இரண்டிலிருந்து வந்தவைதான். விலைகள் 2025 கோடை நிலவரத்தை ஒட்டியவை. ஏறக்குறைய என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஊரிலேயே தயார் செய்ய வேண்டிய காகிதங்கள்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டியவர்கள் அதற்குப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள் (குறைந்தது 30,000 யூரோ). அந்தக் காப்பீட்டுத் தாளையும் அவசர உதவி எண்ணையும் அச்செடுத்துப் பையில் வையுங்கள். விசா கிடைத்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அது பின்னால் மருத்துவமனையில் தேவைப்படும். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் முகப்படத்தையும் விரல்ரேகையையும் கணினியில் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. குடிவரவு வரிசைக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. தீவில் கார் எடுக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இதை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். உங்கள் உரிமம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில்தான் இது கிடைக்கும், கிரீஸில் போய் வாங்க முடியாது. இந்தியாவில் பரிவாகன் இணையதளம் வழியாக விண்ணப்பித்து ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கலாம். கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். பாஸ்போர்ட், விசா, பயண டிக்கெட் ஆகியவற்றின் நகலும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். அதனால் விசா கையில் வந்த மறுநாளே இந்த வேலையைத் தொடங்குங்கள். இலங்கையில் இதை ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் தருகிறது. ஐரோப்பிய ஒன்றிய உரிமம் இருந்தால் இது தேவையில்லை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உரிமங்களையும் 2021 கடைசியில் வந்த சட்டப்படி அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

வாடகைக் கடைக்காரர் சில சமயம் "இந்திய உரிமமே போதும், எடுத்துக்கொண்டு போங்கள்" என்பார். அவர் வண்டி கொடுத்துவிடுவார், சரி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தக் காகிதத்தைக் கேட்கும், அப்போது அவர் உதவிக்கு வரமாட்டார்.

மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, மூல அட்டையிலேயே கொண்டுபோங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் வலி மாத்திரையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கிரீஸில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் சிக்கல்.

2. ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து துறைமுகம்

நக்சோஸுக்குப் போகும் பெரும்பாலான கப்பல்கள் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிளம்புகின்றன. விமான நிலையத்திலிருந்து அங்கே போக இரண்டு நல்ல வழிகள் உண்டு.

மெட்ரோவின் மூன்றாம் தடம் (நீலம்) நேராக பிரேயஸ் வரை போகிறது, நடுவில் மாற வேண்டியதில்லை. டிக்கெட் 9 யூரோ, ஒரு மணி நேரப் பயணம். விமான நிலைய ரயில் அரை மணிக்கு ஒன்றுதான், நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும். நகர மையத்தைக் கடக்கும்போது பெட்டி நிரம்பும், ஜேப்படிக்காரர்களுக்கு அதுதான் நேரம். பாஸ்போர்ட்டைப் பின் பையில் வைக்காதீர்கள்.

எக்ஸ்96 பஸ் 5.50 யூரோ, இரவு பகல் எந்நேரமும் ஓடும். நெரிசல் இருந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். நள்ளிரவில் இறங்குகிறவர்களுக்கு இதுவே கதி.

பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். வாயில்களுக்கு இ1, இ2 என்று எண் போட்டிருக்கும். நக்சோஸ் கப்பல்கள் வழக்கமாக மெட்ரோ நிலையத்தை ஒட்டிய இ6, இ7 பக்கம் நிற்கும். இருந்தாலும் டிக்கெட்டில் அல்லது முந்தின நாள் வரும் குறுஞ்செய்தியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தப்பான வாயிலுக்குப் போனால் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும்.

பிரேயஸ் ஒன்றுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் ராஃபினா என்ற சின்னத் துறைமுகமும் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தே அங்கே பஸ் உண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏதென்ஸில் தங்காமல் நேராகத் தீவுக்குப் போகிறவர்கள் முதலில் ராஃபினா கப்பல் நேரங்களைப் பாருங்கள்.

பெரிய கப்பல் காலை ஏழரையை ஒட்டிக் கிளம்புவது வழக்கம். காலையில் வந்து இறங்கும் விமானத்தை நம்பி அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். முந்தின இரவு பிரேயஸில் தங்கலாம், இல்லையென்றால் மாலைக் கப்பல்.

3. கப்பல் டிக்கெட்

இரண்டு வகைக் கப்பல் உண்டு. ப்ளூ ஸ்டார் போன்ற பெரிய கப்பல் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும், சாதாரண வகுப்பு 50 யூரோவை ஒட்டி இருக்கும். சீஜெட்ஸ் போன்ற வேகப் படகு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடும், 80 யூரோவை ஒட்டி வரும். என்னைக் கேட்டால் பெரிய கப்பல்தான். மேல்தளத்தில் காற்று வாங்கலாம், காபி குடிக்கலாம், குழந்தைகள் ஓடியாடலாம். வேகப் படகில் வெளியே நிற்க இடமில்லை, அலையில் அது குதிக்கும்போது வாந்தி பையைத் தேடுவீர்கள். காற்று வலுத்தால் முதலில் ரத்தாவதும் வேகப் படகுதான்.

சின்னக் குழந்தைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் அதன் பெயரில் ஒரு டிக்கெட் எடுத்தாக வேண்டும். பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், தந்தை பெயர் எது, குடும்பப் பெயர் எது என்ற நம்மூர்க் குழப்பத்தைப் பதிவு செய்யும்போதே தீர்த்துவிடுங்கள். சாதாரண வகுப்புக்கு நிறைய நாட்களில் முன்பதிவே தேவைப்படாது. ஆகஸ்ட் 15 மட்டும் வேறு கதை. அன்று மாதாவின் திருநாள், கிரீஸ் முழுக்க விடுமுறை, ஏதென்ஸ்காரர்கள் எல்லோரும் தீவுகளுக்குக் கிளம்புவார்கள். அந்த வாரத்துக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

இனி காற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும்போதே அடிக்கும், அதுதான் ஏமாற்று. காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் எட்டைத் தொட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைக் கட்டிப்போடத் தொடங்குவார்கள். பெரிய கப்பலுக்கு வரம்பு கொஞ்சம் கூடுதல், வேகப் படகுக்குக் குறைவு. தடை வந்தால் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும், அல்லது அடுத்த கப்பலில் இடம் தரும். விமான டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பல்ல. எங்கள் கப்பல் ஒருநாள் முழுக்க நின்றபோது, அன்றிரவே விமானம் வைத்திருந்தவர்கள் டிக்கெட் கடை வாசலில் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு ஏதென்ஸில் இருங்கள். தீவில் ஒரு நாள் குறையும். குறையட்டும்.

ஏறுவதும் இறங்குவதும் எப்படி என்றால், கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன் வாயிலில் இருங்கள். கப்பலின் பின்பக்கக் கதவு வழியாக வாகனங்களோடு சேர்ந்து நடந்து உள்ளே போவீர்கள். பெரிய பெட்டிகளைக் கீழ்த்தளத்து அடுக்குகளில் வைக்க வேண்டும், ஒவ்வொரு அடுக்கிலும் தீவின் பெயர் எழுதியிருக்கும். பாரோஸ் அடுக்கில் வைத்துவிட்டு வராதீர்கள், நக்சோஸுக்கு முன் கப்பல் பாரோஸில் நிற்கும். பாஸ்போர்ட், மருந்து, பணம் எல்லாம் மேலே உங்களோடு வரட்டும். அறிவிப்பு வந்ததும் கீழே இறங்கிவிடுங்கள். கப்பல் கரையில் சில நிமிடம்தான் நிற்கும், கதவு திறந்ததும் கூட்டம் ஓடும்.

4. எங்கே தங்குவது, அறையில் என்ன கேட்பார்கள்

கார் இல்லாதவர்களுக்கு நான்கு இடங்கள்தான்: துறைமுக நகரமான ஹோரா, அதை ஒட்டி நடக்கும் தூரத்தில் உள்ள அகியோஸ் கியோர்கியோஸ், பஸ் அடிக்கடி வரும் அகியோஸ் ப்ரோகோபியோஸ், அகியா அன்னா. மலைக் கிராமத்தில் கல்வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் இல்லாமல் எடுத்தால், ஒரு பால் பாக்கெட் வாங்குவதற்கே பாதி நாள் போய்விடும். பழைய நகரமான காஸ்ட்ரோவுக்குள் அறை எடுத்தால் வண்டி உள்ளே வராது. படியில் பெட்டியைத் தூக்க உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ததும் வீட்டுக்காரருக்குக் கப்பல் நேரத்தை எழுதி, கூட்டிப்போக வருவாரா என்று கேளுங்கள். நிறையப் பேர் இலவசமாகவோ சிறு தொகைக்கோ வந்து நிற்பார்கள். துறைமுகத்தில் டாக்ஸி நிலையம் இருக்கிறது, ஆனால் கப்பல் வந்ததும் இருக்கிற சில வண்டிகளும் பறந்துவிடும்.

கிரீஸில் காலநிலை நெருக்கடிக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. முன்பதிவில் நீங்கள் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேராது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு, இரண்டு நட்சத்திரம் வரையுள்ள ஹோட்டலில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 8 யூரோ. வீட்டுக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம், ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கழிப்பறையில் ஒரு சிறு கூடை இருக்கும். காகிதத்தை அதில்தான் போட வேண்டும், கோப்பையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். நம்மில் தண்ணீர்ப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு சின்ன மக்கை பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் நல்லது. மின்செருகி இரண்டு உருண்டை முள் கொண்ட ஐரோப்பிய வகை, மின்னழுத்தம் 230 வோல்ட். நம்மூர் மூன்று முள் செருகிக்கு மாற்றி வேண்டும்.

5. பஸ்

தீவின் பஸ்களை கேடெல் என்ற நிறுவனம் நடத்துகிறது. நிலையம் துறைமுகத்தின் வாசலிலேயே இருக்கிறது, கப்பலிலிருந்து இறங்கினால் கண்ணில் படும்.

டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்க வேண்டும், ஓட்டுநர் விற்கமாட்டார். நிலையத்தில் கவுண்டரும் இயந்திரமும் இருக்கின்றன. கடற்கரைப் பக்கம் சிறு கடைகளிலும் கிடைக்கும். போகும்போதே திரும்பி வரவும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மாலையில் கடற்கரை நிறுத்தத்தில் பஸ் வந்து நிற்கும், உங்கள் கையில் டிக்கெட் இருக்காது, விற்கும் கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

கடற்கரைத் தடம் அகியோஸ் ப்ரோகோபியோஸ், அகியா அன்னா, ப்ளாகா வரை போகிறது. 2 யூரோ சொச்சம்தான், கோடையில் அடிக்கடி ஓடும், இரவு வெகுநேரம் வரை உண்டு. மாலையில் திரும்பும்போது பஸ் ப்ளாகாவிலிருந்து நிரம்பிக்கொண்டே வரும், ப்ரோகோபியோஸ் வரும்போது ஏற இடமிருக்காது. அப்போது அகியா அன்னா பக்கம் கொஞ்சம் நடந்து முந்தின நிறுத்தத்தில் ஏறுங்கள்.

மலைத் தடம் முற்றிலும் வேறு. ஹால்கி, ஃபிலோட்டி, அபிராந்தோஸ் கிராமங்களுக்கு ஒரு நாளைக்குச் சில பஸ்களே. வடகோடியில் உள்ள அப்போலோனாஸுக்கு அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறையும். காலைப் பஸ்ஸில் போய் பிற்பகல் பஸ்ஸில் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே போகும் அன்று நிலையத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்துக்கொள்வதுதான் உருப்படியான வழி. கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டால் மலையிலிருந்து டாக்ஸிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு நாள் கார் வாடகை கட்டிவிடலாம்.

6. கார் எடுப்பதானால்

நக்சோஸ் கிரீஸின் சைக்லேட்ஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது, 430 சதுர கிலோமீட்டர். தங்கும் நாளெல்லாம் கார் தேவையில்லை. மலைக்கும் தெற்குக் கடற்கரைகளுக்கும் சேர்த்து இரண்டு நாள் எடுத்தால் போதும், மற்ற நாட்களில் பஸ்.

ஜூலை, ஆகஸ்டில் சின்னக் காருக்கே நாளைக்கு 50 யூரோவுக்கு மேல் கேட்பார்கள். மே, செப்டம்பரில் அதில் பாதிக்கும் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, விலையும் கூடுதல், வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிரீஸில் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். கியரையும் வலக்கையால் போட்டு, குறுகலான மலை வளைவுகளில் எதிரே வரும் பஸ்ஸுக்கும் வழிவிட வேண்டியிருக்கும்போது ஆட்டோமேட்டிக்கின் அருமை தெரியும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: "முழுக் காப்பீடு" என்று சொல்வார்கள், ஆனால் டயர், அடிப்பாகம், கண்ணாடி பெரும்பாலும் அதில் வராது. மண்சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று சிறிய எழுத்தில் இருக்கும். தெற்குக் கடற்கரைகளுக்குப் போகும் சாலைகளில் சில மண்சாலைகளே. முன்பணத்தை ஓட்டுபவர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களும், கூரையும், பெட்ரோல் அளவும் தெரிய வீடியோ எடுங்கள், கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே எடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பெட்ரோல் நிலையங்கள் அதிகமும் ஹோராவைச் சுற்றித்தான். மலையேறும் முன் நிரப்பிவிடுங்கள். ஆள் வந்து போடுவார், லிட்டர் 2 யூரோவை ஒட்டி வரும். ஹோராவுக்குள் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றாமல், ஊர் ஓரத்து இலவசத் திடல்களில் விட்டுவிட்டு நடப்பது மேல்.

ஸ்கூட்டருக்கு இருசக்கர உரிமமும், பன்னாட்டு அனுமதியில் அந்தப் பிரிவுக்கான முத்திரையும் வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் போதாது. நான்கு சக்கர 'குவாட்' வண்டிகளைக் கார் உரிமத்துக்கே தருகிறார்கள். கேட்டால் சொல்கிறேன்: எடுக்காதீர்கள். நான்கு சக்கரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்துவிடும். கை கால்களில் கட்டோடு உணவகங்களில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே புரியும். எடுத்தே தீருவேன் என்றால் ஹெல்மெட் போடுங்கள், அது சட்டமும்கூட.

7. பணம்

சின்னக் கடை முதல் உணவகம் வரை கார்டு எடுப்பார்கள், சட்டப்படி இயந்திரம் வைத்திருக்க வேண்டும். இருந்தாலும் டாக்ஸிக்கும் மலைக் கிராமத்துக்கும் 50, 60 யூரோ சில்லறை நோட்டாக வைத்திருங்கள். 500 யூரோவுக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க அங்கே அனுமதி இல்லை, அறை வாடகை மொத்தத்தையும் நோட்டாக எண்ணிக் கொடுக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

ஏடிஎம்மில் வங்கிப் பெயர் போட்டதாகப் பார்த்து எடுங்கள். நீலமும் மஞ்சளுமாகத் தெருவுக்குத் தெரு நிற்கும் தனி இயந்திரங்களில் கட்டணம் கூடுதல். எதில் எடுத்தாலும் கடைசியில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், யூரோவிலேயே கழியட்டும். கடைகளின் கார்டு இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும், பதிலும் இதேதான். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்பும் முன் திறந்து வையுங்கள், ஓடிபி வரும் எண் அங்கே வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

வங்கிக் கிளைகள் காலை 8 முதல் 2.30 வரை, வெள்ளிக்கிழமை 2 மணி வரை.

எங்கே வாங்கினாலும் ரசீது தர வேண்டும். ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்று உணவகங்களில் எழுதியே ஒட்டியிருக்கும். உணவகத்தில் ரொட்டி கேட்காமலே வரும், தலைக்கு ஒரு யூரோ, ஒன்றரை யூரோ பில்லில் ஏறும். வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

8. கடை, சாப்பாடு, தண்ணீர்

சுற்றுலாக் கடைகள் இரவு வரை திறந்திருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கான கடைகள் (இரும்புக்கடை, கண்ணாடிக்கடை, கைபேசி பழுது பார்ப்பவர்) இரண்டு மணிக்கு மேல் மூடிவிடும். செவ்வாய், வியாழன், வெள்ளி மாலைகளில் ஐந்தரைக்கு மேல் மறுபடி திறக்கும். மற்ற நாட்களில் காலையோடு சரி. மூன்று மணி முதல் ஐந்தரை வரை ஊரே தூங்கும் நேரம். அப்போது யாரையும் தொலைபேசியில் அழைக்காதீர்கள், வீட்டில் சத்தமும் போடாதீர்கள்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஹோராவின் வெளிவட்டச் சாலையில் இருக்கின்றன, துறைமுகத் தெருவில் இருப்பதைவிட விலை குறைவு. பழம், காய்களை எடை போட்டு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டுதான் பணம் கட்டும் இடத்துக்கு வர வேண்டும். துணிப்பை எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் பைக்குக் காசு. நக்சோஸ் உருளைக்கிழங்குக்கும் கிராவியெரா பாலாடைக்கட்டிக்கும் பேர் போன ஊர், இரண்டும் இங்கே மலிவு. வடிகட்டிய கெட்டித் தயிர் எல்லா இடத்திலும் கிடைக்கும். அறையில் அடுப்பு இருந்து, ஒரு கிலோ அரிசியும் வாங்கிவிட்டால் தயிர்சாதம் தயார். அதற்கு உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்தால் குழந்தைகள் வெளியே சாப்பிடக் கேட்கவே மாட்டார்கள்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். ஃபாவா (பருப்பு மசியல்), கிகாந்தெஸ் (பெரிய பயறு), பிரியாம் (அடுப்பில் வாட்டிய காய்கறி) எல்லா உணவகங்களிலும் இருக்கும். தக்காளிக்குள் சோறு வைத்த கெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுடைய நோன்புச் சாப்பாட்டில் இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் நீண்ட விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள். இறாலும் கணவாயும் அதில் வரலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பாட்டிலில்தான் எல்லோரும் குடிக்கிறார்கள். ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு சேர்ந்த கட்டாக சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். அரை லிட்டர் பெட்டிக்கடையில் அரை யூரோ.

9. துணி, சிம், தபால்

சலவைக் கடைகள் ஹோராவில் உண்டு. ஒரு மூட்டைக்கு 10 முதல் 15 யூரோ, துவைத்து உலர்த்தி மடித்துத் தருவார்கள். காலையில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள். கிளம்பும் நாளன்று கொடுக்காதீர்கள். வெயிலும் காற்றும் இருக்கிற ஊரில் பால்கனிக் கயிற்றில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், நல்ல கிளிப் மட்டும் வேண்டும்.

சிம் வாங்கக் காஸ்மோட்டே, வோடஃபோன், நோவா மூன்றில் ஒன்றின் கடைக்குப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். இதை ஏதென்ஸிலேயே முடிப்பது நல்லது. இ-சிம் போட்டுக்கொண்டே போனால் இன்னும் சுலபம்.

தபால்தலை தபால் நிலையத்திலும் சில பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும். பெட்டி மஞ்சள் நிறம்.

10. உடம்புக்கு முடியாவிட்டால்

சின்னத் தொல்லைகளுக்கு முதலில் மருந்துக்கடை. பச்சைச் சிலுவை பார்த்துப் போங்கள். அங்கே இருப்பவர் ஆங்கிலம் பேசுவார், நல்ல ஆலோசனையும் தருவார். ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் தரமாட்டார். பாராசிட்டமாலுக்கு டெப்பான் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

மருந்துக்கடைகளும் பிற்பகலில் மூடும். ஆனால் முறைவைத்து ஒன்று திறந்திருக்கும். எது என்று மூடிய கடையின் கதவிலேயே தாள் ஒட்டியிருக்கும், கிரேக்கத்தில் இருந்தால் கைபேசியால் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

பெரிதாக ஏதாவது என்றால் ஹோராவிலேயே அரசு மருத்துவமனையும் சுகாதார மையமும் சேர்ந்து இருக்கின்றன. அவசரத்துக்கு எந்நேரமும் பார்ப்பார்கள். காப்பீட்டுத் தாள், பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துப்போங்கள், தந்த எல்லாச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். மறுநாள் சொன்னால் காரணம் கேட்பார்கள். தீவில் சமாளிக்க முடியாத நோயாளியை ஏதென்ஸுக்கு அனுப்புவார்கள், அப்போதுதான் அந்தக் காப்பீட்டின் மதிப்பு தெரியும்.

எண்கள்: எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 166, போலீஸ் 100, கடலோரக் காவல் 108. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் ஹோரா காவல் நிலையத்தில் புகார்ச் சான்று வாங்குங்கள், அதில்லாமல் ஏதென்ஸில் உள்ள தூதரகத்தில் வேலை நகராது.

11. பக்கத்துத் தீவுகளும் திரும்பும் நாளும்

இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசியா போன்ற குட்டித் தீவுகளுக்கு ஸ்கோபெலிட்டிஸ் என்ற சின்னக் கப்பல் ஓடுகிறது. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம் என்று நினைத்து இதை எடுத்துவிடாதீர்கள். இது அமோர்கோஸ் தீவிலிருந்து காலையில் நக்சோஸ் வந்து, பிற்பகலில்தான் திரும்பக் கிளம்பும். ஏறினால் அங்கே ஓரிரவு தங்க வேண்டும். ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் சுற்றுலாப் படகுகள் இருக்கின்றன, காலையில் துறைமுகத்திலிருந்து கிளம்பும்.

திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். ஏழு, எட்டு என்று தெரிந்தால் அன்று காலையே துறைமுகத் தெருவின் டிக்கெட் கடையில் விசாரியுங்கள், தடை வந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஒரு நாள் முன்னதாக இடம் இருந்தால் மாற்றிக்கொண்டு போய்விடுவது உத்தமம்.

அறையைக் காலி செய்வது காலை 11 மணிக்கு, கப்பலோ மாலையில் இருக்கும். பெட்டியை வீட்டுக்காரரிடம் விட்டுவைக்கலாம், அல்லது துறைமுகத்தை ஒட்டிய முகவர் அலுவலகங்களில் சில யூரோவுக்கு வைத்துக்கொள்வார்கள். அங்கே எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள். ஊருக்கு வாங்கிய கித்ரோன் மதுப் புட்டியையும் தேன் டப்பாவையும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைத்துக் கட்டுங்கள், விமான நிலையச் சோதனையில் கைப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.